மேலே மாப்பிள்ளை, அடியில் மாமனார்

நோர்வூட் பஸாரில் உம்மு குல்சுமின் கருவாட்டுக் கடைக்கு வழி கேட்கத் தேவையில்லை. மூக்கு இருந்தால் போதும். பொகவந்தலாவை பஸ் திரும்புகிற வளைவிலேயே வாசனை ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். மழைக் காலத்தில் இன்னும் மோசம். பஸ்ஸில் யாராவது மூக்கைப் பொத்தினால் அவர்கள் வெளியூர்க்காரர்கள் என்று அர்த்தம். உள்ளூர்க்காரர்களுக்கு நாக்கில்தான் எச்சில் ஊறும்.

ஆயுசு பூராவும் கடல் சாமானை விற்ற அந்த மனுஷி கடலைச் சரியாகப் பார்த்தவள் அல்ல. பிறந்தது ஹட்டன், வாழ்க்கைப்பட்டது நோர்வூட். ஒரு தடவை கொழும்பில் கல்யாண வீட்டுக்குப் போனபோது பஸ் யன்னல் வழியாக நீலமாக ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். அவளுக்குக் கடல் என்பது சாக்கில் வந்து இறங்குவது. மீன் என்பது தலை வெட்டி, வயிறு பிளந்து, உப்பில் விறைத்துக் கிடப்பது.

கணவர் சுபைர் இருந்த காலத்தில் அவள் கடைப்பக்கம் வந்ததில்லை. சுபைர் நல்ல மனிதர். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், ஏமாற்றியவர்கள் உட்பட. லொறியில் வரும் சாக்கை அவிழ்த்துப் பார்க்கவே மாட்டார். "மனுசன நம்பாம எப்புடி குல்சும் யாவாரம் பண்றது?" என்பார். ஒரு மழைக் காலத்தில் வந்த சரக்கு முழுவதும் அப்படித்தான் இறங்கியது. ஒவ்வொரு சாக்கிலும் மேலே இரண்டு அடுக்கு தங்கம் மாதிரி கட்டாக் கருவாடு. கீழே கையை விட்டால் புழு. அதற்கு அடுத்த வருஷம் கடைக்குள்ளேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். டொக்டர் இருதயம் என்றார். உம்மு குல்சும் கடைசி வரைக்கும் அந்தச் சாக்குகள்தான் என்றாள்.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்து அவள் கணவரின் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். செய்த முதல் காரியம், வந்த சாக்குகளை எல்லாம் அடிவரைக்கும் கொட்டிப் பார்த்தது. ஒவ்வொரு துண்டையும் வயிற்றில் கிள்ளுவாள், விரலைத் தேய்ப்பாள், மூக்கருகில் கொண்டுபோவாள். லொறிக்காரர்கள் நடுங்கினார்கள். இதுவரைக்கும் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

செய்த இரண்டாவது காரியம்தான் இந்தக் கதை. நோர்வூட் மழையிலும் மூடுபனியிலும் கருவாடு நிற்காது. காலையில் பலகை மாதிரி இருந்த கட்டா சாயங்காலம் ஈரச் சட்டை மாதிரி தொங்கும். அடுப்புக்கு மேலே கட்டிப் போட்டாலும் பாதிதான் தேறும். மீதியை என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வருமா? அவளை அழவைத்த சாக்கே அவளுக்குப் பாடம் எடுத்தது. ஒவ்வொரு பொட்டணத்திலும் மேலே நல்லது, அடியில் நமுத்தது என்று வைத்துக் கட்டப் பழகினாள். அதற்கு ஒரு பெயரும் வைத்தாள்: "மேல மாப்பிள்ள, அடியில மாமனார்."

மகள்கள் இரண்டு பேரும் முதல் தடவை கேட்டபோது சிரித்தார்கள். பிறகு இளையவள் ஷிபானா சிரிக்கவில்லை. அதை உம்மு குல்சும் கவனித்தாளா என்றால், இல்லை. ஊரெல்லாம் உற்றுப் பார்க்கிறவர்களுக்கு வீட்டில் பார்வை மங்கித்தான் போகிறது.

'தன்னைப் போல் பிறரை நினை' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அதை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவள் உம்மு குல்சும் ஒருத்திதான். தான் கட்டுகிற பொட்டணம் மாதிரியே உலகத்தையும் யாரோ கட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர். பள்ளிவாசலில் புதிதாக ஒருவர் முன் வரிசையில் தொழுதால், அவருக்கு ஊரில் ஏதோ வில்லங்கம்.

அவளுக்கு அதிகம் உறுத்தியது தேயிலைத் தோட்டத்துப் பெண்கள்தான். கடைக்கு வருவார்கள். கருவாட்டை எடுப்பார்கள், வைப்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், வாங்க மாட்டார்கள். ஷிபானா முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் கடைக்கு வருவாள். உம்மு குல்சும் ளுஹர் தொழ உள்ளே போய்விட்டு வருவதற்குள், நின்றவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

"களவெடுக்கத்தான் நிக்கிறாளுவ," என்று விற்ற பொட்டணத்தையும் காசையும் எண்ணிப் பார்ப்பாள். ஒரு சதமும் குறைந்திருக்காது. அதனால் சந்தேகம் தீரவில்லை, கூடியது. ஒன்றும் களவு போகாத இடத்தில் பெரிய களவு ஏதோ நடக்கிறது என்று நம்பினாள்.

வீட்டிலும் ஒரு மர்மம் இருந்தது. கருவாட்டுக் கடைக்காரி வீட்டில் கருவாட்டுக் குழம்பு ருசிக்கவில்லை. மூத்தவள் இஷ்ராதான் சமையல். "ஊருக்கெல்லாம் மணக்குது, நம்ம சட்டியில மட்டும் நாறுது. ஒன் கையிலதான் என்னமோ இருக்கு," என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஏசுவாள். இஷ்ரா பதில் சொல்ல மாட்டாள்.

இஷ்ரா பதில் சொல்லாததற்குக் காரணம் அவளுடைய உடைந்த கல்யாணம்தான் என்று உம்மு குல்சும் நினைத்தாள். அவளைக் கந்தப்பளையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை மரியாதையாகப் பேசினான், குனிந்து ஸலாம் சொன்னான். உம்மு குல்சும் சாக்குகளை அவிழ்த்துப் பார்த்தாளே தவிர, மாப்பிள்ளையை அவிழ்த்துப் பார்க்கவில்லை. அவனுக்கு வேறோர் ஊரில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தது நிக்காஹ் முடிந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு மழை நாளில் இஷ்ரா சூட்கேஸோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அன்றிலிருந்து ஷிபானாவுக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் உம்மு குல்சும் அடிவரைக்கும் கொட்டிப் பார்த்து, ஏதாவதொரு புழுவைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாள். புழு கிடைக்காவிட்டால், கிடைக்காததே குற்றம்.

இந்த நிலையில்தான் தென்கரையோரத்திலிருந்து ஸஃப்வானின் சம்பந்தம் வந்தது. தரகர் ஹாஜியார் படம் கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை, ஒதுக்கிய தாடி. "கடற்கரையோரம் வெள்ளக்காரன் காலத்து அக்வாரியம் ஒண்ணு இருக்கு. அதுல பெரிய ஒஃபீஸர். உம்மா வாப்பா இல்ல, கூடப் பொறந்த மூத்த ராத்தா ஒருத்தி மட்டுந்தான்," என்றார்.

"மீனுக்கு எதுக்கு ஒஃபீஸர்?" என்று கேட்டாள் உம்மு குல்சும்.

ஷிபானாவும் அவனும் இரண்டு மூன்று தடவை போனில் பேசினார்கள், பெரியவர்கள் அனுமதியோடுதான். பிறகு ஒருநாள் ஷிபானா உம்மாவின் முன்னால் வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"உம்மா, எனக்கு இவர புடிச்சிருக்கு. நீங்க விசாரிங்க, தப்பில்ல. ஆனா சும்மா ஒரு காரணம் சொல்லி இதையும் தட்டிவிட்டா, இனிமே எனக்குன்னு யாரையும் பாக்காதீங்க. நான் இப்புடியே இருந்துக்குவேன்."

உம்மு குல்சும் அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. மகள் சொன்னதைச் செய்கிறவள் என்று அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை பிழையாகச் 'சரி' என்றால் வீட்டில் இரண்டாவது சூட்கேஸ். பிழையாக 'வேண்டாம்' என்றால் ஷிபானாவின் வாழ்க்கை அந்தக் கருவாட்டு மேசைக்குப் பின்னாலேயே முடிந்துவிடும். தானே போய்ப் பார்ப்பது என்று முடிவெடுத்தாள். சொல்லாமல் போக வேண்டும். சொல்லிவிட்டுப் போனால் மேல் அடுக்கைத்தான் காட்டுவார்கள்.

துணைக்கு ஹட்டனிலிருந்து அண்ணன் ஹசனைக் கூட்டிக்கொண்டாள். ஹசன் எதைக் கண்டாலும் ஆச்சரியப்படுகிற மனிதர். அந்த ஊரில் அவருடைய மனைவியின் உறவுக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போவதாகப் பேச்சு. பஸ் ஏறி, பஸ் மாறி, முதுகு உடைய இறங்கினார்கள். மறுநாள் காலையில் உம்மு குல்சும் முகத்துக்கு மாஸ்க் போட்டாள், கறுப்புக் கண்ணாடி போட்டாள். அவளுடைய படத்தையும் தரகர் அவனுக்குக் காட்டியிருக்கலாமே.

"இப்புடி போனா உன்னத்தான் பொலிஸ் புடிக்கும்," என்றார் ஹசன்.

கட்டடம் கடலைப் பார்த்து நின்றது. இரும்புத் தூண்கள், உயரமான யன்னல்கள், உப்புக் காற்றில் உரிந்த சுவர். வாசலில் மூன்று மொழியில் பலகை: கடல்வாழ் உயிரினக் காட்சிச்சாலையும் நூதனசாலையும். நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை கட்டியதாம். மீன் தொட்டிகளின் கண்ணாடியைக்கூடக் கப்பலில் கொண்டு வந்தானாம். 'எங்க மலைத் தேயிலைய ஏத்திட்டுப் போன கப்பல்ல கண்ணாடிய ஏத்திட்டு வந்தானாக்கும்,' என்று உம்மு குல்சும் நினைத்தாள்.

முதல் மண்டபத்தில் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு கூரையோடு தொங்கியது. ஹசன் வாயைப் பிளந்தார். "அல்லாஹ்வே! நம்ம பக்கத்து தோட்ட லயத்து வீடு ரெண்டு சேர்ந்த நீளம் இருக்கும் தங்கச்சி!"

"சீமெந்து," என்றாள் அவள்.

அடுத்த அறையில் பழைய கப்பல் விளக்குகள், முத்துக் குளிக்கிறவன் போட்ட செம்புத் தொப்பி, போத்தல்களில் ஊறிய குட்டி மீன்கள். சுவரோரமாக மரத் தாங்கியில் உலர்ந்த சுறா ஒன்று முழுசாகக் கிடந்தது. 'தொட வேண்டாம்' என்று எழுதியிருந்தது. தொட வேண்டாம் என்றால் தொட்டால் தெரிந்துவிடும் என்றுதானே அர்த்தம். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். சுறாவை வயிற்றில் கிள்ளினாள், விரலைத் தேய்த்தாள், மாஸ்க்கைக் கீழே இழுத்து மோந்தாள்.

"உப்பு சேரல. பஞ்ச அடைச்சு பெயின்ட் அடிச்சிருக்கான்," என்றாள் வெற்றியோடு.

நூதனசாலையில் அதைத்தான் செய்வார்கள் என்று ஹசன் சொல்லிப் பார்த்தார். காதில் ஏறவில்லை.

உள்ளே இருட்டு. தொட்டிகளில் இருந்து மட்டும் பச்சை வெளிச்சம் வந்தது. முதல் தொட்டியில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. "பாத்தீங்களா நானா? தண்ணியக் காட்டி டிக்கட் விக்கிறான்." அண்ணனிடம் சொல்லி வாய் மூடவில்லை, மணலுக்கு இரண்டு கண்கள் முளைத்தன. தட்டையான மீன் ஒன்று மணலை உதறிக்கொண்டு எழுந்து, அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டது. ஹசன் சிரிப்பை அடக்க இருமினார்.

அடுத்த பெரிய தொட்டிக்கு முன்னால் உம்மு குல்சும் நின்றுவிட்டாள். வெள்ளியாக நீண்ட மீன்கள் கூட்டமாகச் சுற்றி வந்தன. பலகையில் 'கட்டா' என்று போட்டிருந்தது. வாழ்நாளில் எத்தனை சாக்கு கட்டா விற்றிருப்பாள்! அதற்குத் தலை இருந்ததை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். வாய் இருந்தது, வட்டக் கண் இருந்தது. தன் வியாபாரம் முழுவதும் அவளைத் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. ஏனோ அவளுக்கு அந்த இடத்தில் நிற்கக் கூச்சமாகப் போயிற்று.

அப்போதுதான் ஸஃப்வானைக் கண்டாள். படத்தில் இருந்த அதே முகம். ஆனால் வெள்ளைச் சட்டை இல்லை. முழங்கால் வரைக்கும் ரப்பர் சப்பாத்து, கையில் நீண்ட தூரிகை, தோளில் ஈரத் துணி. தொட்டியின் கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஒஃபீஸர்!" என்று அண்ணனின் முழங்கையை இடித்தாள். "பாத்தீங்களா ஒஃபீஸர? மேல மாப்பிள்ள, அடியில மாமனார்!"

"வேல செய்றவன்தானே, களவா எடுக்குறான்?" என்றார் ஹசன்.

"பொய் சொன்னவன் ஒரு பொய்யோடயா நிப்பான்?"

அவனைப் பின்தொடர்ந்தாள். அவன் தூரிகையை வைத்துவிட்டு, ஒரு சின்ன வாளியை எடுத்துக்கொண்டு, 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதிய கதவுக்குள் போனான். கதவு முழுசாகச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. கொஞ்சுகிற குரல்.

"கோவிக்காம தின்னு மகள். நேத்து வரல்லதான், பிழைதான். வாப்பாட தங்கம் தானே, வாயத் தொறங்க பாப்போம்."

உம்மு குல்சும் காதைக் கதவிடுக்கில் வைத்தாள். மகள். வாப்பா. கந்தப்பளைக்காரனின் கைக்குழந்தை கண்ணுக்கு முன்னால் வந்தது. இஷ்ராவின் சூட்கேஸ் வந்தது. கோபமும் அழுகையும் ஒன்றாக முட்ட, பலகையை யார் பார்த்தார்கள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"எங்க அவ? இந்தப் புள்ளைக்கு உம்மா எங்க?"

ஸஃப்வான் ஒரு சீமெந்துத் தொட்டியின் ஓரத்தில் குந்தியிருந்தான். கையில் இறால். தண்ணீரில் ஒரு கதிரை அளவுக்கு ஆமை. அதற்கு ஒரு கண் வெள்ளையாகப் பூத்திருந்தது. அது வாயைத் திறந்தபடியே உம்மு குல்சுமைப் பார்த்தது.

அவன் ஆமையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "புள்ளட உம்மா கடல்ல ஈக்கும் மாமி," என்றான், 'இருக்கும்' என்பதை 'ஈக்கும்' என்கிற தென்கரைப் பேச்சில். பிறகு சட்டென்று எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு ஸலாம் சொன்னான்.

அவள் ஸலாமுக்குப் பதில் சொல்ல மறந்தாள். "மாமியா? நான் யாருன்னு உனக்கு எப்புடித் தெரியும்?"

"சுறாவக் கிள்ளி மோந்து பாத்தீங்களே, அப்பவே தெரியும். அப்புடிக் கிள்ளுற ஆள நான் ஒரு எடத்துலதான் கண்டீக்கிறேன்."

"எங்க?"

"நோர்வூட்டுல. உங்கட கடையில."

பின்னால் மூச்சு வாங்க வந்து சேர்ந்த ஹசன் ஓர் ஓரத்தில் இருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். ஸஃப்வான் ஒளிக்காமல் சொன்னான். ஒஃபீஸர் என்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. தொட்டி கழுவுகிறவன், தீனி போடுகிறவன் என்றுதான் தரகரிடம் சொல்லியிருந்தான். "ஹாஜியார் எனக்கு ப்ரமோஷன் குடுத்தீக்கிறார் போல." ஷிபானாவிடமும் உண்மையைத்தான் சொல்லியிருந்தான், அவளுக்கு ஆமையின் பெயர்கூடத் தெரியும். முன்பு ஒரு சம்பந்தத்தில் பெண் வீட்டார் விஷயத்தில் இவனும் சூடு பட்டவன். அதனால் 'சரி' சொல்வதற்கு முன்னால், யாருக்கும் தெரியாமல் பஸ் ஏறி நோர்வூட்டுக்கு வந்து பார்த்திருக்கிறான்.

"அன்னைக்கு நல்ல மழ. குளிர் தாங்க ஏலாம குரங்குத் தொப்பி, மஃப்ளர் எல்லாம் சுத்தி கண்ணு மட்டுந்தான் வெளிய. சிங்களத்துலதான் பேசினேன்."

உம்மு குல்சுமுக்கு ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது. உல்லாசப் பயணிகளைக் கொண்டுவந்த வேன் டிரைவர் என்று நினைத்திருந்தாள். இவன் இனி இந்தப் பக்கம் வரவா போகிறான் என்று நினைத்ததும் ஞாபகம் வந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு எப்படிக் கட்டுவாள் என்பதும் ஞாபகம் வந்தது. திருடனுக்குத் தேள் கொட்டினால் வாய்விட்டுக் கத்தவா முடியும்? கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினாள்.

"மேல ரெண்டு நல்ல துண்டு வெச்சீங்க," என்றான் அவன். குரலில் கேலி இல்லை. "அடியில வெச்சது எல்லாம் நமுத்தது. நான் மீனோட வாழ்றவன் மாமி, எனக்குத் தெரியாமப் போகுமா? சரி, இந்த வீடு நமக்கு வேணாம்னு நெனச்சேன். நீங்க தொழ உள்ளுக்குப் போனீங்க. அப்ப ஷிபானா பொட்டணத்த அவுத்தா. நமுத்தத எல்லாம் எடுத்து மேசைக்கு கீழ ஒரு பிளாஸ்டிக் பேசின்ல போட்டா. நல்லதா எடுத்து வெச்சு, நீங்க கட்டின மாதிரியே திரும்பக் கட்டினா. ஒண்ணும் பேசல்ல. மழையில நனையாம கொண்டு போங்கன்னு சிங்களத்துல செல்லிட்டு, மேல இன்னொரு பேப்பரும் சுத்தினா. பஸ்ஸுல ஏறின ஒடனே ராத்தாவுக்கு போன் பண்ணி, சரின்னு செல்லிட்டேன்."

ஆமை வாளியை மூக்கால் இடித்தது. அவன் ஓர் இறாலை அதன் வாயில் வைத்தான்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலை குனிந்திருப்பார்கள். உம்மு குல்சும் குனிந்தாள்தான், ஆனால் குனிந்த தலைக்குள்ளும் அந்தப் பழைய புழு நெளிந்தது. "அவகிட்ட உன் படம் இருந்திச்சு. கண்ணப் பாத்தே நீதான்னு கண்டுபுடிச்சிருப்பா. உனக்காகத்தான் மாத்தியிருப்பா," என்றாள்.

ஸஃப்வான் யோசித்தான். "ஈக்கலாம் மாமி. நான் ஒரு நாள்தானே பாத்தேன். நீங்க வீட்டுல பாத்துட்டு செல்லுங்க."

திரும்புகிற பஸ் கினிகத்தேனை ஊரைத் தாண்டிக் குளிர் ஏறத் தொடங்கியபோது ஹசன் தங்கையிடம் சொன்னார். "ஒங்கிட்ட உயிரெடுக்க மௌத்து வந்து நின்னாலும், யாரு அனுப்புனான்னு கேட்டு திருப்பி அனுப்பிடுவ." அவள் யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுடையது வழி நெடுக அடங்கவில்லை.

தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் உம்மு குல்சும் விடியவே எழுந்து பொட்டணங்களைக் கட்டி அடுக்கினாள். வேண்டுமென்றே பழைய மாதிரியே கட்டினாள். மதியம் ஷிபானா வந்ததும், ஹட்டனுக்குச் சரக்கு பார்க்கப் போவதாகச் சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனாள். பிறகு பின் ஒழுங்கைச் சந்து வழியாகத் திரும்பி வந்து, குசினிக்குள் நுழைந்து, கடைக்கும் குசினிக்கும் நடுவில் தொங்குகிற திரைக்குப் பின்னால் சாக்குகளோடு சாக்காக உட்கார்ந்தாள். அடுப்படியில் இருந்த இஷ்ரா திடுக்கிட்டாள். உம்மு குல்சும் வாயில் விரலை வைத்தாள்.

கடைக்குள் நாலைந்து பெண்கள் வந்தார்கள். மேல் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற மீனம்மாவின் குரல் முதலில் கேட்டது.

"தங்கச்சி, மொதலாளியம்மா போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க. எல்லாரும் வாங்க."

திரையின் இடுக்கு வழியாக உம்மு குல்சும் பார்த்தாள். ஷிபானா ஒரு பொட்டணத்தை எடுத்தாள், அவிழ்த்தாள், அடியில் இருந்ததை உருவிப் பேசினில் போட்டாள், மேலே தொங்கியதில் விறைப்பானதாகப் பார்த்து எடுத்து வைத்தாள், கட்டினாள். கை எங்கும் தடுமாறவில்லை. பல வருஷம் செய்து பழகின கை. அடுத்த பொட்டணம், அதற்கடுத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. இவர்கள் எதற்காகக் கடையில் வந்து நிற்கிறார்கள் என்பது உம்மு குல்சுமுக்கு அப்போது விளங்கியது.

"கல்யாணம் பேசுறாங்கன்னு சொன்னாங்களே," என்றாள் மீனம்மா. "நீ போயிட்டா நாங்க எங்க தங்கச்சி கருவாடு வாங்குறது?"

"உம்மாகிட்டதான்."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஷிபானா சிரிக்கவில்லை. "உம்மா கெட்டவங்க இல்ல மீனம்மாக்கா. வாப்பாவ ஏமாத்துனாங்க, ராத்தாவ ஏமாத்துனாங்க. அதுல பயந்து போயிட்டாங்க. கேட்டா வருத்தப்படுவாங்கன்னுதான் நான் கேக்குறதில்ல."

கூட்டம் கலைந்ததும் இஷ்ரா வழக்கம்போல் திரையை விலக்கிக்கொண்டு போய்ப் பேசினை எடுத்து வந்தாள். உள்ளே வந்த பிறகுதான் உம்மா அங்கே இருப்பது நினைவுக்கு வந்து அப்படியே நின்றாள். உம்மு குல்சும் பேசினைப் பார்த்தாள். அடுப்பில் கொதிக்கிற சட்டியைப் பார்த்தாள்.

"இதுதான் நம்ம வீட்டுக் கொழம்பா?"

"வீசுறதுக்கு மனசு வரல உம்மா. நல்லாக் கழுவி, புளி கூடப் போட்டு..." இஷ்ரா பேசினை அடுப்படியில் வைத்தாள்.

"எப்ப இருந்து?"

"வாப்பா மௌத்தான வருஷத்துல இருந்து."

ஊருக்கென்று கட்டிய அடியடுக்கை எல்லாம் அத்தனை வருஷமும் அவளே தின்றிருக்கிறாள். மகள்கள் இரண்டு பேரும் கூடவே தின்றிருக்கிறார்கள். அதற்காக வாரத்துக்கு இரண்டு தடவை இஷ்ராவின் கையை ஏசியிருக்கிறாள். இஷ்ரா வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஷிபானா மாட்டியிருப்பாள், அதனால் சொல்லவில்லை. உம்மு குல்சும் சாக்கின் மேல் உட்கார்ந்தபடியே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள் இத்தனை வருஷமும் வீட்டுக்குள் இருந்த இரண்டு பேரைச் சந்தேகப்படவே இல்லை. அவர்கள்தான் அவளை ஏமாற்றியிருக்கிறார்கள். அப்படி ஏமாற்றுகிறவர்கள் கிடைக்கத் தனக்கு என்ன தகுதி இருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரையை விலக்கிக் கடைக்குள் போனாள். ஷிபானாவின் கையில் இருந்த பொட்டணம் கீழே விழுந்தது.

"உம்மா, நீங்க ஹட்டனுக்கு..."

"பையனுக்கு போன் போட்டு என் கையில குடு. தரகர் நடுவுல வேணாம்."

ஷிபானா அழைத்துக் கொடுத்தாள். உம்மு குல்சும் போனைக் காதில் வைத்தாள். "மாமி பேசுறேன். பாத்துட்டேன்." கீழே விழுந்த பொட்டணத்தை எடுத்து மேசையில் வைத்தாள். "அவ உனக்காக மாத்தல. எல்லாருக்கும் மாத்துறா. புள்ளைய நல்லா வெச்சுக்க. ராத்தாவக் கூட்டிட்டு வந்து தேதி குறிச்சிட்டுப் போ. அந்த ஆமைக்கு ஸலாம் சொல்லு."

நிக்காஹ் மழை விட்ட பிறகு நடந்தது. ஷிபானா கடலோரத்துக்குப் போனாள். உம்மு குல்சும் அடுப்புக்கு மேலே இன்னும் இரண்டு வரிசை கம்பி கட்டினாள். தேறாததைக் குசினிக்கு அனுப்பவில்லை, வீசினாள். வீசுகிறபோது ஒவ்வொரு தடவையும் வயிறு எரிந்தது. ஆனாலும் வீசினாள். வீட்டுக் குழம்பு மணக்கத் தொடங்கியது, அதையும் இஷ்ராவிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

அடுத்த சம்பள நாளைக்கு மறுநாள் மீனம்மா வந்தாள். வழக்கம்போல் நின்றாள், எடுத்தாள், வைத்தாள், உள்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஷிபானா இல்லாதது நினைவுக்கு வந்ததும் முகம் வாடிப்போயிற்று. வேறு வழியில்லாமல் கட்டா கேட்டாள். உம்மு குல்சும் அடுப்புக் கம்பியில் இருந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எடுத்து, மேலும் கீழும் ஒன்றுபோல் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். இன்னொரு பேப்பரும் சுற்றினாள்.

மீனம்மா வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனாள். அங்கே நின்று, முதுகைக் காட்டியபடி பொட்டணத்தைப் பிரித்தாள். அடியில் கையை விட்டு ஒரு துண்டை உருவி, வயிற்றில் கிள்ளி, விரலைத் தேய்த்து மோந்து பார்த்தாள். நம்ப முடியாமல் இன்னொரு துண்டையும் உருவினாள். பிறகு திரும்பினாள். மொதலாளியம்மா தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டதும் துண்டுகளை அவசரமாக உள்ளே திணித்தாள்.

"இல்லீங்க மொதலாளியம்மா, சும்மா..."

"நல்லா அடிவரைக்கும் பாரு," என்றாள் உம்மு குல்சும். "அடுத்த தடவ வந்தாலும் பிரிச்சுப் பாத்துட்டே கொண்டு போ."